ஈரத் துண்டு

இந்த நாற்காலியில் வேண்டாம் சார், ரத்தம் பட்டிருக்கிறது. என் சட்டையிலிருந்து ஒட்டியது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இப்படி வாருங்கள், ஃபேனுக்குக் கீழே.

நான்தான் கிரி. தீர்த்தகிரி. உங்களுக்குப் போன் செய்தது நான்தான். பிரணவ் சொல்லியிருப்பான். ஒரே ஆபீஸ், ஒரே வீடு, இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். உள்ளே ஆபரேஷன் நடக்கிறது. இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் சார். வலது கண்தான். கண்ணாடிச் சில்லு கருவிழியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அதை எடுத்த பிறகுதான் பார்வை நிற்குமா நிற்காதா என்று சொல்ல முடியுமாம்.

டீ வாங்கி வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பீர்கள்.

கீழே வாசலில் ஒரு போலீஸ்காரரைப் பார்த்திருப்பீர்கள். இப்படி அடிபட்டு வந்தால் ஆஸ்பத்திரியே ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுமாம். பையனுடைய அப்பா வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் விபத்து என்று சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடுவார். வேறு மாதிரி சொன்னால் என்னை அழைத்துக்கொண்டு போவார். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போனவன் நான் ஒருவன்தான் சார். என் மேல் ஒரு கேஸ் விழுந்தால் வேலை போய்விடும், பிறகு எங்கேயும் எடுக்கமாட்டார்கள். அதனால்தான் நீங்கள் அவரிடம் பேசுவதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஒரு சாஃப்ட்வேர் எந்த இடத்தில் உடைகிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் வேலை. கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் வெடித்ததும் ஓடிப்போய் அவனைத் தாங்கியது நான்தான். மற்றவர்கள் எல்லாம் கத்திக்கொண்டு நின்றார்கள். கன்னம் வாயோரம் வரைக்கும் பிளந்திருந்தது சார், பல் தெரிந்தது. ரத்தம் ஸிங்க்கில் கொட்டுகிறது, பீரும் சிவப்பு, எது எது என்றே தெரியவில்லை. நல்லவேளை, என் தோளிலேயே ஈரத் துண்டு கிடந்தது. அதை மடித்து அழுத்திப் பிடித்தேன். ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் பிடித்த கையை எடுக்கவில்லை. நர்ஸ் வந்துதான் விரலைப் பிரித்துவிட்டார்கள்.

ஆமாம் சார், பீர்தான். வீட்டிலேயே போட்ட பீர். அவன் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டான்.

போன குளிர்காலத்தில் ஆபீஸ் வேலையாக அவனை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள் இல்லையா, அங்கே ஒரு பீர் குடித்திருக்கிறான். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் கடைகளில் வருமாம். சிவப்பு நிறம், மசாலா வாசனை. சட்டைக்குள் சுற்றி இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். "கிரி, இத மாதிரியே நம்ம போடணும்டா" என்றான். நான் குடிப்பவன் இல்லை. ஆனால் எனக்கு மூக்கு நன்றாக இருக்கும். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். "பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், அப்புறம் மல்லி. நடுவுல சுக்கு" என்று சொன்னேன். அவன் நெட்டில் தேடிப் பார்த்தான். அத்தனையும் சரியாக இருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான் சார்.

அப்புறம் சனி ஞாயிறு எல்லாம் அதே வேலைதான். முளைகட்டிக் காயவைத்த பார்லியை வரவழைத்தோம். சிவப்பு வருவதற்குக் கருக வறுத்த பார்லி ஒரு பிடி. வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, கொதிக்கவைத்து, மசாலா போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து டிரம்மில் மூடிவைக்க வேண்டும். எப்போது புளித்து அடங்குகிறது என்று அவன் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டு அளந்துகொண்டே இருப்பான். எனக்கு அது தேவைப்படவில்லை. டிரம்மில் காதை வைத்துக் கேட்டால் போதும். "இன்னும் பேசுது, இன்னும் ரெண்டு நாள் விடு" என்று சொல்வேன். அவன் அளந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

"எப்பிடிடா இது?" என்று கேட்டுக் கேட்டு ஒருநாள் என் வாயைப் பிடுங்கிவிட்டான்.

என் அப்பா பெயர் மாதையன் சார். தர்மபுரிப் பக்கம், காட்டை ஒட்டின ஊர். அப்பா சாராயம் காய்ச்சியவர். பானையில் ஊறலைப் போட்டு ஓடைக்கரையில் புதைத்து வைப்பார். மண்ணில் காதை வைத்துப் படுத்துக் கேட்டுவிட்டு, இன்றைக்கு எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்று சொல்வார். என்னையும் பக்கத்தில் படுக்கவைத்துக் கேட்கச் சொல்வார். நான் ஆறாவது படிக்கும்போது போலீஸ் வந்தது. அப்பாவின் கையைப் பின்னால் கட்டி வாசலில் குந்தவைத்தார்கள். ஒவ்வொரு பானையாகக் கொண்டுவந்து அவர் தலையிலேயே போட்டு உடைத்தார்கள். ஊறல் வழிந்து கண்ணை எரித்தது, அவர் கண்ணைத் துடைக்கவும் முடியாது, கை கட்டியிருக்கிறது. பானை தீர்ந்ததும் லத்தி. இடது காதில் விழுந்த அடியில் காதிலிருந்து ரத்தம் வந்தது. மண்ணில் வைத்துக் கேட்கிற காது அதுதான். அதோடு அந்தக் காது போய்விட்டது. கடைசியில் உடைந்த பானையின் கழுத்தை அவர் கழுத்தில் மாட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார்கள். அம்மா அவர்கள் காலில் விழுந்து கிடந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

அப்பா அதற்குப் பிறகு காய்ச்சவே இல்லை. கல் குவாரிக்குப் போய்த்தான் என்னைப் படிக்கவைத்தார். வேலை கிடைத்து நான் பஸ் ஏறும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்க யாருகிட்டயும் எம் பொழப்பச் சொல்லாதடா சாமி." மூன்று வருடம் சொல்லவில்லை. பிரணவிடம்தான் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் அழுதான் சார். பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே அழுதான்.

ஸ்கூலில் ஒருவனுக்கு அந்தப் பானை விஷயம் தெரியும். வகுப்பில் நான் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வான். ஒருநாள் அவன் வாயில் கல் பட்டு முன்பல் மூன்று போய்விட்டது. அது விபத்துதான். மாங்காய் அடித்துக்கொண்டிருந்தேன், கல் கை நழுவிவிட்டது. ஹெட்மாஸ்டர் விசாரித்தார். நான் முதல் ரேங்க் எடுக்கிறவன், நம்பிவிட்டார். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான் சண்டைக்குப் போகிறவன் இல்லை சார். யார் மேலும் கை நீட்டியதே இல்லை. ஆபீஸில் கேட்டுப் பாருங்கள்.

டீயை வேண்டுமானால் மாற்றி வாங்கி வரட்டுமா? ஏடு படிந்துவிட்டது.

சரி. பீரைப் பாட்டிலில் அடைக்கும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சர்க்கரை போடவேண்டும். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று காற்றை விடும். அதில்தான் நுரை வரும். சர்க்கரையைக் கரைத்து எல்லாவற்றுக்கும் ஒரே அளவாகப் பிரித்து ஊற்றவேண்டும். நான்தான், பனங்கல்கண்டு போடலாம், வாசனை நன்றாக இருக்கும் என்றேன். அம்மா கொடுத்துவிட்டது வீட்டில் இருந்தது. கட்டி கட்டியாக அப்படியே போட்டுவிட்டோம். ஒரு பாட்டிலில் சின்னக் கட்டி, ஒன்றில் பெரிய கட்டி. அது என் தப்புதான். அந்த ஒரு தப்பை நான் எந்த இடத்திலும் ஒத்துக்கொள்வேன்.

அடுத்த வாரம், வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், இரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தோம். நான் தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போனேன். ஷெல்ஃபில் ஒரு பாட்டில் வெடித்தது. அது வெடித்த வேகத்தில் பக்கத்துப் பாட்டில், அதற்குப் பக்கத்துப் பாட்டில். துப்பாக்கி மாதிரி சார். கண்ணாடிச் சில்லு கதவுப் பலகையில் ஆணி அடித்தது போல இறங்கி நின்றது. சுவரெல்லாம் சிவப்பாக வழிந்தது, ஆடு அறுத்த இடம் மாதிரி. இதோ, இந்த முழங்கைத் தழும்பு அன்றைக்கு வந்ததுதான். நான் தரையில் சுருண்டு கிடந்தேன். பிரணவ்தான் தலையணையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, என் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். நான் வந்த பிறகும் உள்ளே இரண்டு வெடித்தது. அவன் கெண்டைக்காலில் ஒரு சில்லு ஏறியிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "செத்துட்டியோன்னு நெனச்சேன்டா நாயே" என்றான்.

அப்புறம் நான் ஒரு விதி போட்டேன். இரண்டு பேரும் பேசி ஒத்துக்கொண்டோம். பாட்டில் ஒருநாள் முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கவேண்டும், குளிர்ந்தால் காற்று அடங்கும். திறக்கிறவன் ஈரத் துண்டை பாட்டில் மேல் இறுக்கச் சுற்றி, ஸிங்க்குக்குள் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறக்கவேண்டும். அந்த நேரத்தில் மற்றவன் கதவுக்குப் பின்னால் நிற்கவேண்டும். பிழைத்த பாட்டில்களை நான் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துப் பிரித்தேன். நல்லது ஃப்ரிட்ஜுக்கு. அடியில் இன்னும் கரையாமல் கட்டி தெரிந்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, மேலே ஈரச் சாக்கு மூடி, பால்கனி மூலைக்கு. குளிரவைத்து ஒவ்வொன்றாகக் கொட்டிவிடலாம் என்று இருந்தோம். ஃப்ரிட்ஜில் இடம் கிடைக்கவில்லை.

ஃப்ரிட்ஜில் இருந்தது நன்றாக வந்திருந்தது சார். அயர்லாந்து பாட்டிலையும் இதையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "நம்மளுதுதான்டா நல்லாருக்கு" என்றான். ஆபீஸ் ஆட்களை இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். பிரியாணி, பீர். எங்கள் டீம் லீட் ஸ்ரீவத்சன், மேக்னா, இன்னும் நாலைந்து பேர்.

காலையில் கறி வாங்கிவிட்டு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எல்லா பாட்டிலிலும் லேபிள் ஒட்டியிருந்தது. அவன் நன்றாகப் படம் போடுவான், உங்களுக்குத் தெரியும். குந்தி உட்கார்ந்த ஓர் ஆள். கை பின்னால் கட்டியிருக்கிறது. கழுத்தில் உடைந்த பானை. கீழே பெரிதாக, 'மாதையன்'.

பின்னால் வந்து என் தோளில் கையைப் போட்டான். "எப்பிடி? அப்பாவுக்கு ஒரு மரியாதைடா. சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல."

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது சார்? நல்ல மனசோடுதான் செய்திருக்கிறான்.

அவர்கள் வந்தார்கள். முதல் ரவுண்டு விதிப்படிதான் போயிற்று. நானே துண்டை நனைத்து, சுற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தேன். எல்லாரையும் கதவுக்குப் பின்னால் நிறுத்தினேன். "என்னடா பாம் ஸ்குவாடு மாதிரி" என்று ஸ்ரீவத்சன் சிரித்தார். வேலை முடிந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன்.

ஸ்ரீவத்சன் லேபிளைத் தடவிக்கொண்டே, "யாருப்பா இந்த மாதையன்?" என்றார்.

"கிரியோட அப்பா" என்றான் பிரணவ்.

"ஓ, அப்ப நீ பரம்பரையா? சொல்லவே இல்ல."

மேக்னா, "கை ஏன் கட்டியிருக்கு?" என்று கேட்டாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். நான் அவனிடம் சொன்னதைவிட நன்றாகச் சொன்னான் சார். ஓடைக்கரை, பானை, மண்ணில் வைத்த காது, எல்லாம். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். போலீஸ் வந்த இடம் வந்ததும் அவன் நடு ஹாலில் குந்தி உட்கார்ந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். யாரோ பிரியாணிக்குச் சோறு வடித்த அலுமினியச் சட்டியை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தார்கள். ஸ்ரீவத்சன் நியூஸ் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்து சட்டியின் மேல் அடித்தார். "சொல்லுடா, எங்கடா ஊறல்?" டங் டங் என்று சத்தம். பிரணவ், "சாமி, சாமி, விட்டுடுங்க சாமி" என்று அழுகிற மாதிரி செய்தான். மேக்னா போனில் படம் எடுத்தாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலில் சிரித்தது நான்தான் என்று நினைக்கிறேன். அதை நீங்கள் போனில் பார்க்கலாம், நான் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் காதில் அடித்ததை அவன் சொல்லவில்லை. அந்த ஒன்றை விட்டுவிட்டான்.

அப்போது ஃப்ரிட்ஜில் தீர்ந்துபோயிருந்தது. பிரணவ் சட்டியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, முகமெல்லாம் வேர்த்துப்போய், "கிரி, இன்னும் ஏதாவது இருக்காடா?" என்றான்.

இருந்தது. நான் பால்கனிக்குப் போனேன். சாக்கு காய்ந்திருந்தது. கூடை மேல் நேராக வெயில். அதிலிருந்து ஒன்றை எடுத்தேன். அந்தக் கூடையில் இருந்தவற்றில் லேபிள் இல்லை சார். அப்பா படம் இல்லாத பாட்டிலாக இருக்கட்டும் என்று எனக்கு இருந்தது, அவ்வளவுதான். மூடி லேசாக உப்பியிருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிரணவ் சமையலறை வாசலில் வாங்கிக்கொண்டான். "கூடைல இருந்ததாடா? சூடா இருக்கு. காது வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டான். அவனுக்கு என் காது மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் அவன் எதிரிலேயே பாட்டிலைக் காதில் வைத்தேன். தலையாட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"துண்டு எங்க?" என்றான், ஓப்பனரைத் தேடி அந்தப் பக்கம் திரும்பியபடியே.

துவைக்கப் போட்டிருக்கு என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே அப்படியே ஸிங்க் பக்கம் போனான். ஹாலைப் பார்த்து, "ஒரு நிமிஷம், மாதையன் வர்றாரு" என்று கத்தினான். ஓப்பனரை வைத்து நெம்பினான். அப்புறம்தான் அந்தச் சத்தம். அவ்வளவுதான் சார் நடந்தது. கல்கண்டு அதிகம், வெயில் அதிகம், பாட்டில் தாங்கவில்லை. யார் திறந்திருந்தாலும் வெடித்திருக்கும். நான் திறந்திருந்தால் எனக்கு.

என்ன சார்?

எந்தத் துண்டா? அதே துண்டுதான். ஈரத் துண்டு. ஆமாம், தோளில்தான் இருந்தது. ஆட்டோவில் அழுத்திப் பிடித்ததும் அதுதான். அந்த நேரத்தில் தோளில் இருப்பது நினைவுக்கு வரவில்லை. சில சமயம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுவோமே, அந்த மாதிரி. வெடித்த பிறகு உடனே நினைவுக்கு வந்துவிட்டது.

அவன் திறக்கும்போது நான் எங்கே நின்றேனா?

கதவுக்குப் பின்னால் சார். விதியே அதுதானே. திறக்கிறவனைத் தவிர மற்றவர்கள் கதவுக்குப் பின்னால் நிற்கவேண்டும். நான் போட்ட விதியை நானே மீறக் கூடாது இல்லையா? இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை பாருங்கள்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? டீயைத் தொடவே இல்லையே. கீழேயா? அவரைப் பார்க்கவா? லிஃப்ட் அந்தப் பக்கம் சார், இது படிக்கட்டு. நான் சொன்னதை அப்படியே சொல்லுங்கள் போதும், அவர் விபத்து என்று எழுதிக்கொள்வார். நான் இங்கேயே இருக்கிறேன். அவன் கண் விழிக்கும்போது பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும் அல்லவா?